கதவைத் தூக்கினால் கெத்தா?

போன இதழில் சொகுசு கான்செப்ட் கார்களின், அதாவது விற்க இல்லாமல் கண்காட்சியில் காட்டவே செய்யும் கார்களின் படங்களை நாலு பக்கத்துக்குப் போட்டார்கள். கடைசியில், "பாடி, கதவு பற்றிய சந்தேகங்களை நம்ம வண்ணாரப்பேட்டை டிங்கரிடம் கேளுங்கள்" என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்துவிட்டார். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றை நான் பேரனின் போனில்தான் பார்த்திருக்கிறேன். என் கை பட்டதெல்லாம் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, அப்புறம் மாருதி. 1977-ல் 15 வயதுப் பையனாகச் சுத்தியலும், தகரத்துக்குப் பின்னால் அண்டக் கொடுக்கும் இரும்புக்கட்டியான டோலியும் பிடித்த நாளிலிருந்து தட்டி எடுத்த கதவுகளுக்குக் கணக்கில்லை. அந்தத் தெம்பில்தான் பேசுகிறேன். பிடிக்காதவர்கள் திட்டி எழுதலாம், அதுவும் பிரசுரமாகும்.

கான்செப்ட் கார் என்றாலே கதவு வானத்தைப் பார்த்துத் திறக்கிறதே, அது வெறும் சீன்தானா, இல்லை அதில் விஷயம் இருக்கிறதா?
— கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை

ரெண்டும் உண்டு தம்பி. எது சீன், எது விஷயம் என்று பிரிக்க நான் கதவைப் பார்ப்பதில்லை. கதவுக்குக் கீழே, வாசற்படி மாதிரி இருக்கும் இடத்தைப் பார்ப்பேன்.

மேலே தூக்கும் கதவுக்கு மூத்தது என்று எல்லோரும் காட்டுவது மெர்சிடிஸ் 300 எஸ்.எல். 1952-ல் பந்தயத்துக்காகச் செய்த வண்டியிலிருந்து வந்தது. 1954-ல் நியூயார்க் கண்காட்சியில் ஊருக்குக் காட்டினார்கள். மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து, கூண்டு மாதிரி அதற்கு ஒரு எலும்புக்கூடு. எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் உட்காருகிற இடத்தின் ரெண்டு பக்கமும் அந்தக் குழாய்கள் இடுப்பு உயரத்துக்கு ஓடுகின்றன. அங்கே சாதாரணக் கதவை எப்படி மாட்டுவது? குழாயை வெட்டினால் கூண்டு போச்சு. அதனால் கதவின் கீழ்ப்பாதியை விட்டுவிட்டு, மேல்பாதியைக் கூரையில் சேர்த்து, கீலைக் கூரை நடுவில் வைத்தார்கள். வேறு வழியில்லாமல் பிறந்த கதவு அது. உயரப் படியைத் தாண்டித் தொடையை உள்ளே நுழைப்பதற்காக ஸ்டியரிங்கை மடக்கவும் ஏற்பாடு செய்தார்கள். மொத்தம் 1,400 வண்டிதான் செய்தார்கள். கண்ணாடியை இறக்க முடியாது, கழற்றித்தான் வைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அதை மூலக்கடை சிக்னலில் நிறுத்திப் பாருங்கள், உள்ளே இருப்பவர் இட்லியாகிவிடுவார். ஆனாலும் எனக்கு அந்தக் கதவின் மேல் ஒரு மரியாதை. கஷ்டத்துக்கு ஒரு டிங்கர் கண்டுபிடித்த பதில் மாதிரி இருக்கிறது.

அடுத்தது கத்தரிக்கோல் மாதிரி முன்பக்கமாகத் தூக்கும் கதவு. 1968-ல் பாரிஸ் கண்காட்சியில் ஆல்ஃபா ரோமியோ கராபோ என்ற கான்செப்ட் காரில் வந்தது. வடிவமைத்தவர் மார்செல்லோ காந்தினி, அப்போது பெர்தோனே கம்பெனியில் இருந்தார். வண்டியின் உயரம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. 1971-ல் அதே மனிதர் அதே கதவை லம்போர்கினி கவுன்டாச்சில் வைத்தார். அகலமான வண்டி, பெரிய படி, சாதாரணக் கதவு என்றால் பக்கத்து வண்டியில் இடிக்கும். இன்னொன்று, அந்த வண்டியில் பின்னால் எதுவுமே தெரியாது. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் கதவைத் தூக்கிவிட்டு, படிமேல் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்து ஓட்டுவார்கள். மீன்பாடி வண்டியைச் சந்துக்குள் பின்னால் தள்ளுகிறவர் கழுத்தைத் திருப்புவாரே, அதே போஸ்தான். பல கோடி ரூபாய் வண்டியிலும் கழுத்து வலி இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இப்போது நீங்கள் படம் வெட்டி அனுப்பிய விஷன் மெர்சிடிஸ் மேபாக் 6. 2016-ல் கலிஃபோர்னியாவில் பெபிள் பீச்சில் காட்டியது. 5.7 மீட்டர் நீளம், 24 அங்குல வீல், மின்சார வண்டி. அதிலும் பறவை இறக்கை மாதிரிக் கதவு. படிக்குக் கீழே பார்த்தேன். கூண்டுக் குழாய் இல்லை, தடுக்க எதுவும் இல்லை. அவ்வளவு நீள வண்டியில் எப்படிப்பட்ட கதவையும் மாட்டலாம். தாத்தா 1954-ல் அப்படித் திறந்தார், அதனால் பேரனும் திறக்கிறான். அழகாக இல்லையா என்றால், இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் இருபுறமும் வாழைமரம் கட்டின மாதிரி இருக்கிறது. ஆனால் வாழைமரம் கட்டுவதால் வாசல் பெரிதாகிவிடாது.

இடம் மிச்சம் என்று ஒரு வாதம் சொல்வார்கள், அது உண்மைதான். டிலோரியன் என்று 1981-ல் வந்த துருப்பிடிக்காத எஃகு வண்டியில் அந்தக் கதவு திறக்கப் பக்கவாட்டில் ஒரு அடி இடம் தாராளம். ஆனால் எங்கள் சந்துக்குள் பக்கத்தில் இடம் இல்லை என்றால் மேலேயும் கிடையாது. கேபிள் ஒயர், சன்ஷேடு, மாடி வீட்டு அக்காவின் கொடித்துணி. அப்புறம் மழை. கூரையோடு சேர்த்துத் திறக்கும் கதவு என்றால், நாம் இறங்குவதற்குள் மழை சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். கவிழ்ந்துவிட்டால் எப்படித் திறப்பது என்று கேட்பீர்கள். 2010-ல் மெர்சிடிஸ் எஸ்.எல்.எஸ் என்ற வண்டியில் இதற்கே ஒரு வழி செய்தார்கள். வண்டி தலைகீழானால் கீலில் இருக்கும் சின்ன வெடி வெடித்து, கதவு தனியே கழன்று வந்துவிடும். கீலுக்குள் வெடி! நாங்கள் கீலுக்குள் கிரீஸ் மட்டும்தான் வைத்துப் பழக்கம்.

பின்பக்கம் கீல் வைத்த கதவைத் "தற்கொலைக் கதவு" என்று பயமுறுத்துகிறார்கள். அதையே ரோல்ஸ் ராய்ஸ் வைத்தால் ராஜமரியாதை என்கிறார்கள். இது என்ன நியாயம்?
— ஐ.சி.எஃப் ஓய்வு பெற்ற ஊழியர், பெரம்பூர்

நல்ல கேள்வி சார். இதில் எனக்குச் சொந்தக் கதையே இருக்கிறது.

நம் நாட்டில் ஓடிய பழைய ஃபியட் 1100 ஞாபகம் இருக்கிறதா? சூப்பர் செலக்ட் என்று ஒரு மாடல் வரும். அறுபதுகளின் நடுவில் டிலைட் என்ற அடுத்த மாடல் வருகிற வரைக்கும் அந்த வண்டிகளில் முன்கதவு பின்பக்கக் கீல்தான். முன்கதவு, பின்கதவு ரெண்டுமே அவற்றுக்கு நடுவில் நிற்கும் நடுத்தூணில் தொங்கும். எங்கள் மேஸ்திரியிடம் மண்ணடி வியாபாரி ஒருவரின் சூப்பர் செலக்ட் வேலைக்கு வரும். என் அம்மாவுக்கு அப்போது முட்டி வலி ஜாஸ்தி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு நாள் அந்த வண்டியை மேஸ்திரி கேட்டு வாங்கிக் கொடுத்தார். அம்பாசிடரில் ஏற அம்மா படும் பாட்டைப் பார்த்தவன் நான். தலையை முதலில் நுழைத்து, ஒரு காலை வைத்து, கதவைப் பிடித்துத் தொங்கி... ஃபியட்டில் என்ன செய்தார் தெரியுமா? சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார், திண்ணையில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார், காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். "இந்த வண்டிய செஞ்சவனுக்கு வயசான அம்மா இருந்திருக்கும்டா" என்றார்.

சரி, பயம் எங்கிருந்து வந்தது? கீல் பின்னால் இருந்தால் கதவின் வாய் முன்னால். ஓடும்போது லாக் விட்டுக்கொடுத்தால் காற்று வாய்க்குள் புகுந்து கதவை முழுசாகப் பின்னால் வீசிவிடும். கீல் முன்னால் இருந்தால் அதே காற்று கதவைச் சாத்தப் பார்க்கும். சீட் பெல்ட் இல்லாத காலம். கதவைப் பிடிக்கக் கையை நீட்டியவர் ரோட்டில்தான் விழுவார். பெயர் அப்படி வந்தது. இதையும் நான் நேரில் பார்த்தேன், என் தப்பால். அதே ஃபியட்டுக்கு லாக் விழும் ஸ்ட்ரைக்கரை ஒரு தடவை நான் மாட்டினேன். சாத்திப் பார்த்தேன், "டக்" என்று சத்தம் வந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். ரெண்டு பல்லில் ஒரு பல்தான் கடித்திருக்கிறது. மேஸ்திரி தனியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனபோது பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் பக்கத்துக் கதவு பிய்த்துக்கொண்டு திறந்து, கீல் வளைந்து, விளிம்பு மடங்கியது. திரும்பி வந்ததும் எனக்கு ஒரு அறை. அதற்கப்புறம் நான் ஒரு கதவையும் சத்தத்தை மட்டும் நம்பி விட்டதில்லை.

ஆக, குற்றம் கீலில் இல்லை சார், லாக்கில். 2003-ல் வந்த ஃபாண்டம் ரோல்ஸ் ராய்ஸில் பின்கதவைச் சாத்த உள்ளே ஒரு பொத்தான், ஓடும்போது திறக்க விடாத மின்சார லாக். கதவுக்குள் குடை ஒன்று செருகியிருக்கும், ஈரத்தோடு வைத்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். 1961 லிங்கன் கான்டினென்டலில் பின்கதவை அப்படி வைத்ததற்குக் காரணம், பின்சீட்டிலிருந்து இறங்குகிறவர் கால் கதவில் இடித்ததுதானாம். அம்மாவின் முட்டி மாதிரிதான் இதுவும். நம்ம டாடா கம்பெனிகூட 2022-ல் அவின்யா என்று ஒரு கான்செப்ட் காட்டினார்கள், அதிலும் பின்கதவு இப்படித்தான். எனக்கு அது பிடித்தது.

பிடிக்காதது ஒன்று உண்டு. கான்செப்ட் கார்க்காரர்கள் இந்தக் கதவோடு சேர்த்து நடுத்தூணையும் எடுத்துவிடுகிறார்கள். 2024-ல் ஜெனிசிஸ் காட்டிய நியோலுன் அப்படி. ரெண்டு கதவையும் திறந்தால் ஹால் மாதிரி இருக்கிறது, படம் எடுக்க அருமை. ஆனால் பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால் முதலில் தாங்குவது அந்தத் தூண்தான். பெல்ட் மாட்டியிருப்பது அதில். முன்கதவு பூட்டிக்கொள்வதும் அதில். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் போகிறவனிடம் "தூண் வேண்டாம், பார்க்க நன்றாயிருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். தூணை எடுத்தால் அந்தப் பலத்தைக் கதவுக்குள்ளேயும் படிக்குள்ளேயும் கூட்டி வைக்க வேண்டும். கதவு கனக்கும், கீலும் கனக்கும். மேடையில் நிற்கும் வண்டிக்கு அந்தக் கணக்கே இல்லை.

கைப்பிடியே வெளியே தெரியாத கார்கள் வருகின்றனவே, புதுசாக இருக்கிறதே?
— வாசகர், மாதவரம்

புதுசு இல்லை. 1938-ல் பியூக் வொய்-ஜாப் என்று ஒரு வண்டி, ஹார்லி ஏர்ல் செய்தது. உலகத்தின் முதல் கான்செப்ட் கார் என்று அதைத்தான் சொல்வார்கள். கைப்பிடி பாடிக்குள் புதைந்திருக்கும், ஹெட்லைட்டும் மறைந்திருக்கும். 80 வருஷத்துக்கு மேலாகியும் அதையே "எதிர்காலம்" என்று காட்டுகிறார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், கைப்பிடி பிடிக்கத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மிதந்த வண்டிகளில் கதவு திறந்து பொருளை எடுக்க முடிந்தது பழைய வண்டிக்காரர்களுக்குத்தான். மின்சாரத்தில் வெளியே வரும் கைப்பிடி வைத்த ஒரு வண்டியைத் திறக்க நாலு பேர் சுற்றி நின்று தடவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கம்பி இழுத்துத் திறக்கும் வழி இருக்கும், அது எங்கே என்று ஓட்டுகிறவருக்கே தெரியவில்லை. வாங்குகிறவர்கள் முதல் நாளே அந்தக் கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

கதவை விடுங்கள் ஐயா. இந்தக் கார்களெல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி இருக்கின்றன. உங்கள் கண்ணுக்கு எது அழகு?
— இல்லத்தரசி, திருவொற்றியூர்

அம்மா, நீங்கள் சொன்னதைத்தான் என் மனைவியும் சொல்கிறாள். சோப்பாக இருப்பதற்குக் காரணம், அதில் வேலைக்கு வேண்டியது எதுவும் ஒட்டியிருக்காது. மழைத் தண்ணீர் ஓடும் விளிம்பு கிடையாது, பக்கத்துக் கண்ணாடி கிடையாது, நம்பர் பிளேட்டுக்கு இடம் கிடையாது. 2016-ல் ரோல்ஸ் ராய்ஸ் 103இ.எக்ஸ் என்று ஒன்று காட்டினார்கள். ஸ்டியரிங்கே இல்லை, உள்ளே சோபா. வீலைக்கூட மூடிவிட்டார்கள். கூரை தானாகத் திறக்கும், எழுந்து நின்று, படியில் கால் வைத்து இறங்கலாம். இறங்குகிற தரையில் சிவப்புக் கம்பளம் மாதிரி வெளிச்சம் அடிக்கும். எங்கள் ஊரில் அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில் என்னென்ன கிடக்கும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் குனியாமல் இறங்குவது என்ற யோசனை இருக்கிறதே, அது உட்காரக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பெரிய விஷயம்.

அழகை நாங்கள் பார்க்கும் முறை வேறு. பட்டி போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்ததும் வண்டியின் பின்மூலையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பாடியோடு ஒட்டினாற்போல் வைத்து, டியூப்லைட் நிழல் அதில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். நிழல் நெளிந்தால் வேலை சரியில்லை. நேர்க்கோடாகக் கதவு, கதவிலிருந்து அடுத்த கதவு, அங்கிருந்து பானெட் என்று உடையாமல் ஓடினால் சம்பளம். அந்தக் கண்ணால் பார்த்தால் எனக்குப் பிடித்தது 2003-ல் வந்த காடிலாக் சிக்ஸ்டீன். 16 சிலிண்டர், 13.6 லிட்டர் எஞ்சின், 1000 குதிரைத் திறன். பெட்ரோல் செலவைக் கேட்காதீர்கள். பானெட் மட்டுமே ஒரு ஆட்டோ நீளத்துக்கு இருக்கும்போல. ஆனால் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் நீங்கள் ஒரு கோட்டைக் கண்ணால் தொட்டுக்கொண்டே போகலாம், எங்கேயும் தடுக்காது. இப்போது வருவதில் பாருங்கள், ஒரு கதவில் நாலு மடிப்பு, எதுவும் எங்கேயும் போய்ச் சேராது. அப்படிப்பட்ட கதவில் ஒரு சொட்டை விழுந்தால் தட்டி எடுக்கிறவனுக்குத்தான் தெரியும் வேதனை.

உலகத்தில் இருக்கும் கார்க் கதவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால்?
— வாசகர், காசிமேடு

பி.எம்.டபிள்யூ இசட்1. 1989 முதல் 1991 வரை 8,000 வண்டி வந்தது. கதவு மேலேயும் போகாது, பக்கத்திலும் போகாது, படிக்குள்ளேயே இறங்கிவிடும். எட்டடிச் சந்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் காசிமேட்டு உப்புக் காற்றில் அந்தப் படிக்குள் கதவை இறக்கும் பெல்ட்டும் மோட்டாரும் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே சொல்லுங்கள். சாதாரணக் கதவின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் ஓட்டையையே மண் அடைத்து, அடித்தகரம் அப்பளமாகி என்னிடம் வருகிறது.

என் பழைய ஸ்விஃப்டில் லம்போ டோர் கிட், அதாவது லம்போர்கினி மாதிரிக் கதவை மேலே தூக்க வைக்கும் செட், போடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் போட்டுத் தருவீர்களா?
— இளைஞர், வியாசர்பாடி

மாட்டேன் தம்பி. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள்.

உன் கதவு மேலொன்று கீழொன்றாக ரெண்டு கீலில் தொங்குகிறது. கனம் ரெண்டாகப் பிரிகிறது. கிட் போட்டால் மொத்தக் கனமும் முன்தூணில் ஒரே இடத்தில் விழும். அந்தக் கனத்துக்கு அந்தத் தகரத்தைச் செய்யவில்லை. கதவு தூக்க இடம் வேண்டுமென்று முன்வீலுக்கு மேலிருக்கும் தகரமான ஃபெண்டரை உள்ளே வெட்டுவார்கள், ஒயரை நீட்டுவார்கள். இதையெல்லாம் சரியாகச் செய்கிறவர்கள் எங்கேயாவது இருக்கலாம், நான் பார்த்ததில்லை. அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி-யில் இருக்கும் விவரம் கம்பெனி முதலில் கொடுத்ததற்கு முரணாகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது.

மூணு வருஷம் முன்னால் உன் வயசுப் பையன் ஒருவன், வேறெங்கோ கிட் போட்ட வண்டியை என்னிடம் கொண்டுவந்தான். போட்டு நாலு மாசம்கூட ஆகவில்லை. கதவைப் பாதி திறந்து நுனியைக் கையால் தூக்கிப் பார்த்தேன், ரெண்டு விரல் அளவு ஆடியது. கதவைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பீடிங் எங்கேயும் ஒட்டவில்லை. மழை வந்தால் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதைக்குப் போகாமலேயே உள்ளே கார்பெட் ஈரம். முதல் மாசம் தெருவில் எல்லோரும் செல்ஃபி எடுத்தார்களாம். அப்புறம் அவன் அப்பா ஏறும்போது ஒரு நாள் கதவு நிற்காமல் இறங்கித் தோளில் விழுந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அவனுக்கு வெறுத்துப்போனது. தூணை நிமிர்த்தி, பழைய கீலைத் தேடி மாட்டி, ஃபெண்டர் மாற்றி, ரெண்டு வாரம் வேலை. கிட்டை எடுத்துப் போ என்றேன், வேண்டாம் என்றுவிட்டான்.

அதிலிருந்த, கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஷாக் ரெண்டும் நல்ல பொருள். எடைக்குப் போட மனசு வரவில்லை. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஆயா ஒருவர் இருக்கிறார். காலையில் கடையின் முன்பலகையை ரெண்டு கையாலும் தூக்கி, மூங்கில் கழியை முட்டுக்கொடுத்துத் திறப்பார். திறந்தால் அதுவே வெயிலுக்கும் மழைக்கும் கூரை. அவருக்குத் தோள் வலி வந்ததும் ரெண்டு ஷாக்கையும் பலகைக்கு ரெண்டு பக்கமும் மாட்டிவிட்டேன். இப்போது ஒரு விரலால் தள்ளுகிறார், மீதியை அது பார்த்துக்கொள்கிறது. கழியை மட்டும் தூக்கிப் போடவில்லை, கடைக்குள் ஓரமாகச் சாத்தி வைத்திருக்கிறார்.